சாய்ந்த வெளிச்சம்

கிளைபெடா துறைமுகத்தில் டிசம்பர்.
நாலு மணி அடிப்பதற்குள் சூரியன்
கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறது.
அறைக்கலன் ஆலையின் பின்கட்டில் எனக்கு வேலை
புத்தக அலமாரிகளைக் கீறுவது.

சொன்னால் சிரிக்கிறார்கள்.
"பூனைக்குக்கூடச் சம்பளமா?" என்றாள்
ரொட்டிக்கடை நியோலே.
பூனை தோன்றியபடி கீறும்.
நான் எடை வைத்துக் கீறுகிறேன்:
ஒரு நியூட்டன், ஒன்றரை, இரண்டு.
வைரமுனை ஊசி. சுழலும் தட்டு.
எடைக்கொரு வட்டம்.

கறுப்புப் பளபளப்பு முதல் சுற்றிலேயே அழுதுவிடும்.
நகம் பட்டாலே போதும்,
ராத்திரி வயலில் ரயில் போனதுபோல் ஒரு வெள்ளைக் கோடு.
மேட் கறுப்பு அழாது, ஆனால் தேய்த்த இடம்
குமாஸ்தாவின் கால்சட்டைப் பின்புறமாக
மின்னத் தொடங்கும்.
ஓக் மரம் அச்சடித்த காகிதம் கெட்டிக்காரப் பயல்,
கீறலைத் தன் ரேகைகளுக்குள் வாங்கிக்கொண்டு
திருவிழாக் கூட்டத்தில் ஜேப்படிக்காரனாய் நழுவுகிறான்.
நிஜ ஓக்குக்கு வீறாப்பு கிடையாது.
கீறினால் கீறல்.
இரண்டு சொட்டு எண்ணெய், ஒரு பழந்துணி, சமாதானம்.

வெள்ளை மெலமைனைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

வியாழக்கிழமை, மாதிரி எண் ஏழு. கரும்பழுப்பு அரக்கு.
வசந்தத்துக்குள் ஹாம்பர்க் போகவேண்டிய நாலாயிரம் அலமாரிகள்.
இரண்டு நியூட்டனில் தோற்றது.
வீதேனிஸ் காபியோடு வந்தார், கழுத்துத் துண்டைக் கழற்றவில்லை.
"விளக்கை ஏன் சாய்த்து வைத்திருக்கிறாய்?
நேராக, தலைக்கு மேலே வை."
வைத்தேன். வட்டம் காணாமல் போனது.
நகத்தால் தடவினேன், இருந்தது.
"இருக்கிறதே," என்றேன்.
"இருக்கட்டும். தெரிய வேண்டாம்."
கீறல் விழுந்த ரெக்கார்டாக மூன்று தடவை அதையே சொன்னார்:
இருக்கட்டும், தெரிய வேண்டாம்.

அப்போதுதான் மேகம் எங்கோ விலகி
கிரேன்களின் கால்களுக்கிடையே புகுந்து
ஜன்னல் வழியாகப் படுத்தவாக்கில் வந்தது வெயில்.
எண் ஏழின் வட்டம் எழுந்து நின்றது.
பிழைத்தது என்று நான் எழுதிவைத்த எண் மூன்றிலும் ஒன்று.
மேசையில், கதவுக் கைப்பிடியில்,
வீதேனிஸின் மூக்குக்கண்ணாடியில்கூட
சிலந்திவலையாய்க் கீறல்கள்.
அவர் கண்ணாடியைக் கழற்றி
துண்டின் நுனியால் துடைத்தார், துடைத்தார்.
துடைத்தால் போகிற விஷயமா அது.

என் வீட்டு அலமாரி வெள்ளை.
வெளுத்ததெல்லாம் பால் என்று நம்பி வாங்கியது.
ஆகஸ்டில் ரிம்காவ்தஸ் புத்தகங்களை எடுத்துப் போனான்,
தூக்கியல்ல, இழுத்து.
கனத்த நிலப்பட நூல்கள், தோணி கட்டும் கையேடுகள்.
போனபின் பார்த்தேன். ஒரு தடயம் இல்லை.
நல்ல பலகை, என்று நினைத்தேன்.

அன்றிரவு செல்போன் டார்ச்சைத் தட்டின்மேல்
படுக்கவைத்து ஏற்றினேன்.
பதினாலு கோடுகள்.
கீறலுக்குத் திசை உண்டு, இது என் தொழில்:
ஊன்றிய இடத்தில் ஆழம், விட்ட இடத்தில் மெலிவு.
பதிமூன்று, சுவரிலிருந்து கிளம்பி
அறையை நோக்கி.
ஒன்று மட்டும் விளிம்பில் ஆழ்ந்து
உள்ளே போய் மெலிந்திருந்தது.
எடுத்த எதையோ திரும்ப வைத்திருக்கிறான்.
எது என்று தேடவில்லை.
டார்ச்சை அணைத்ததும் தட்டு பழையபடி வெள்ளை.

காலையில் அறிக்கை எழுதினேன்.
எண் மூன்று: திருத்தம், மறு சோதனை.
எண் ஏழு: இரண்டு நியூட்டன், தோல்வி.
'பார்த்த வெளிச்சம்' என்ற கட்டத்தில்
விளக்கின் பெயரை அடித்துவிட்டு
சூரியன், பிற்பகல் மூன்றரை, என்று.
பூசி மெழுகுகிற வேலை
வேறு பிரிவுக்கு உரியது.

வீதேனிஸ் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.
"காட்டு, மறுபடி பார்க்கிறேன்," என்கிறார்.
ஜன்னலுக்கு வெளியே
நாலு நாளாக ஒரே மேகம்.